வெள்ளரி கசந்த கோடை

அந்தக் கோடையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜெபக்குமாரின் குரல் தானாகத் தணிந்துவிடும். ஊரே நோய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த கோடை அது. அதை நல்ல காலம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவருக்கும் வராது. ஆனாலும் மாசி கழிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் அவர் மனம் அந்த வருஷத்துக்குத்தான் போகும்.

ஜெபக்குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். வீடு ஊரப்பாக்கத்தில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில். விடிவதற்கு முன்னால் வண்டியை எடுத்தால் மகாபலிபுரம், முட்டுக்காடு, சில நாள் பாண்டிச்சேரி வரை போய்விட்டு, ஊர் உறங்கிய பிறகுதான் திரும்புவார். மனைவி ரெஜினா செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரே மகள் ஷாரோன் அப்போது பத்தாம் வகுப்பு. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, ஒன்றாகச் சாப்பிடுவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று நாள் கிழமை பார்த்துத்தான்.

மார்ச் கடைசியில் எல்லாம் நின்றது. வேன் வாசலில் நின்றது. பரீட்சை தள்ளிப்போனது. ரெஜினாவுக்கு மட்டும் வேலை கூடியது. வார்டில் ஒரு வாரம், அதற்குப் பிறகு யாரோடும் சேராமல் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் ஒரு வாரம், மறுபடியும் வார்டு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். வீட்டுக்கு வரக்கூடாது. அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்று சொன்னாள்:

"ரெண்டு பேரும் பட்டினி கெடக்காதீங்க. சண்ட போட்டுக்காதீங்க."

"சண்ட இன்னாத்துக்கு?" என்றார் ஜெபக்குமார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளு முழுக்க ஒரே வூட்டுல இருந்து நான் பாத்ததில்ல. அதான் சொல்றேன்."

அவள் சொன்னது சரிதான் என்று முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. ஷாரோன் அறையைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஜெபக்குமார் கூடத்தில் டிவி பார்த்தார். "சாப்ட்டியா?" என்று அவர் கேட்பார். "ம்" என்று அவள் சொல்வாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காய்கறி வண்டி என்றைக்கு வரும் என்பது வண்டிக்காரருக்கே நிச்சயமில்லை. வந்தாலும் வாடிய முட்டைக்கோஸும் முளைவிட்ட உருளைக்கிழங்கும்தான். ரசமும் அப்பளமுமாகப் பொழுது போனது.

ஒருநாள் காலை, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது தாங்காமல், அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். வீடு கட்டியபோது கொட்டிய உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட் கட்டி, ஓட்டுத் துண்டு எல்லாம் அங்கேயே கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார். அடியில் மண் இருந்தது. செம்மண்ணும் மணலும் கலந்த, பரவாயில்லாத மண்.

பின்பக்கத்து மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. அடுத்த தெருவின் அம்சா. அவள் கணவர் திருவேங்கடம் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர். கருங்குழிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் அவர்களுக்கு இன்னும் நிலம் இருந்தது.

"இன்னாண்ணா, பொதையல் எடுக்கிறியா?"

"எடுத்தா உனக்கும் பாதி தர்றேம்மா. சும்மா குந்திகினு இருக்க முடியல. நாலு வெண்டக்கா செடியாவது வெக்கலாம்னு."

"வெண்டக்கா மட்டும் இன்னாத்துக்கு? இரு."

அவள் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். வெண்டை, பீர்க்கு, வெள்ளரி, கொத்தவரை, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தென்னைக்குப் போட ஊரிலிருந்து கொண்டுவந்த எருவில் இரண்டு மூட்டையையும் திருவேங்கடம் மதில் மேல் தூக்கி வைத்தார். முகக்கவசத்துக்கு உள்ளிருந்தே, "வண்டிதான் ஓடல, எரு எதுக்கு சும்மா கெடக்கணும்?" என்றார்.

கலந்த விதைகளைப் பிரிக்க ஷாரோனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் முறத்தில் கொட்டி, உருண்டையாக இருந்தது வெண்டை, கருப்பாகத் தட்டையாக இருந்தது பீர்க்கு என்று பிரித்தாள். பிறகு எழுந்துபோய், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் காய்ந்துகிடந்த சில தர்பூசணி விதைகளைக் கொண்டுவந்தாள். ஊரடங்குக்கு முந்தின வாரம் அவள் தின்று போட்டவை.

"இதயும் போடலாமா டாடி?"

ஜெபக்குமார் அந்த விதைகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

அவருடைய அப்பா வரதன், வெயில் காலத்தில் பாலாற்று மணலில் தர்பூசணிக் காவல் இருந்தவர். நிலம் அவருடையதல்ல, பழமும் அவருடையதல்ல. ஓலைக் குடிசையில் படுத்து நரியையும் திருடரையும் விரட்டுவது அவர் வேலை. பழம் லாரியில் ஏறிப் போன பிறகு வெடித்ததும் வெம்பியதும்தான் வீட்டுக்கு வரும். உப்பைத் தொட்டுக்கொண்டு தின்பார்கள். "மண்ணுல கைய வெக்காதடா. ஸ்டீரிங்க புடி" என்று சொல்லிச் சொல்லியே அவர் மகனை டிரைவராக்கினார். மகனும் அந்தச் சொல்லைத் தட்டியதில்லை. சொந்தமாக மண் வாங்கி வீடு கட்டிய பிறகும், அதில் ஒரு துளசிச் செடி அளவுக்குக்கூட அவர் எதையும் நட்டதில்லை.

"போடு" என்றார் கடைசியில். "வந்தா வருது."

வந்தது. மூன்றாம் நாள் வெள்ளரி மண்ணைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஷாரோன் சத்தம் போட்டுக் கூப்பிட, அவர் பல் தேய்த்துக்கொண்டே ஓடினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் விடிந்ததும் முதல் வேலை கொல்லைக்குப் போவதுதான். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகவில்லை. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததால் குளித்த தண்ணீரையும் ஒரு பழைய குழாய் வைத்துத் திருப்பிவிட்டார். பீர்க்குக்குப் பந்தல் வேண்டும் என்று வேனின் மேல் சாமான் கட்டுகிற கயிற்றை அவிழ்த்து, மதிலுக்கு அப்பால் நின்ற அம்சா வீட்டுத் தென்னைக்கும் ஜன்னலுக்குமாக இழுத்துக் கட்டினார்.

செடிகளைப் பற்றிப் பேசிப் பேசியே அப்பாவுக்கும் மகளுக்கும் மற்ற பேச்சுகளும் வந்தன. முட்டுக்காடு பாலத்தில் ஒருமுறை ஒரு வெள்ளைக்காரப் பாட்டி படகைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி, பாலத்தின் மேலேயே நடனம் ஆடியதை அவர் சொன்னார். கணக்கு மிஸ்ஸை அவள் நடித்துக் காட்டினாள். அவள் அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

ஏப்ரல் கடைசியில் தர்பூசணிக் கொடி பூத்தது. பூக்கள் வந்தன, உதிர்ந்தன. பிஞ்சு நிற்கவில்லை.

"தேனீ வர்ல டாடி. அதான். நாமதான் பண்ணணும்."

"இன்னா பண்ணணும்?"

"பாருங்க, இது ஆண் பூ. இது பெண் பூ, அடியில குட்டியா உருண்டையா கீது பாருங்க. இத பறிச்சு அதுல தடவணும். காலைலயே செய்யணும்."

ஜெபக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு தென்னை உச்சியைப் பார்த்தார். "நீயே பண்ணு. எனக்கு வேலை கீது."

"இன்னா வேலை?"

"தோ, வேன் தொடைக்கணும்."

ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை அவரே ஒரு ஆண் பூவைப் பறித்துக்கொண்டு, பெரிய விரல்களால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிண்டல் பண்ணவில்லை.

ரெஜினாவை ஹாஸ்டலுக்கு அழைத்துப்போன வண்டி ஒருநாள் மாலை அவர்கள் தெரு வழியாக வந்தது. உடன் வேலை செய்கிற ஒருவரை வண்டலூரில் வேறொரு ஹாஸ்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுகொள்ள டிரைவர் சம்மதித்தார். அவள் இறங்கி ரோட்டிலேயே நின்றாள். அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே கவசம் அழுத்திய தடம் கருத்திருந்தது. இரண்டு மூன்று வீடுகளில் ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

ஷாரோன் அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, அன்று காலை பறித்த வெண்டைக்காயையும் நாலு வெள்ளரியையும் ஒரு கூடையில் கொண்டுவந்து காட்டினாள்.

"எந்தக் கடைல வாங்குனீங்க, இவ்ளோ பிஞ்சா கீது?"

"நம்ம கடதான் மம்மி. பின்னால!"

ரெஜினா நம்பவில்லை. கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு மண்ணு வாசனையே ஆகாதே!"

"இப்ப ஆவுது" என்றார் அவர். கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். வண்டி திரும்பும் வரை ஒரு வெள்ளரிக்காயைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே போனாள்.

ஜன்னலைச் சாத்திய வீடுகளின் மேல் ஷாரோனுக்குக் கோபம். "அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் தரக்கூடாது டாடி" என்றாள். ஆனால் வெண்டைக்காய் நாளுக்கு நாள் தாறுமாறாகக் காய்த்தது. பறிக்காவிட்டால் முற்றிவிடும். அப்பாவும் மகளும் தினமும் தின்று சலித்து, கடைசியில் பைகளில் போட்டு அந்த வீடுகளின் கேட்டிலும் மாட்டிவிட்டு வந்தார்கள். முதல் நாள் ஒரு பை அப்படியே தொங்கியது. மறுநாள் எதுவும் தொங்கவில்லை.

தர்பூசணியில் இரண்டு பிஞ்சு நின்றது. ஒன்று தேங்காய் அளவுக்கு வந்தபோது பெருச்சாளி குடைந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றை ஜெபக்குமார் வேனின் பழைய சீட் உறையைப் போர்த்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கிக் காத்தார். அம்மா வீட்டுக்கு வரும் நாளில் வெட்டுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

ஜூன் மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சையே கிடையாது, எல்லோரும் பாஸ் என்று செய்தி வந்தது. ஷாரோன் வீடு முழுக்கக் குதித்தாள். அந்த வாரமே ரெஜினாவுக்குக் காய்ச்சல் கண்டது.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்தார்கள். போனில் பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பயப்பட ஒண்ணும் இல்லங்க. நானே எத்தினி பேர பாத்துட்டேன்" என்றாள். எத்தனை பேரைப் பார்த்தாள் என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கொல்லையில் போய் நின்றார். தண்ணீர் பாய்ச்சக் கை எழவில்லை. ஷாரோன் வந்து பக்கத்தில் நின்றாள்.

"டாடி, பழத்த மம்மிக்கு எடுத்துனு போங்க."

"பழுத்துச்சோ இல்லியோ, தெரியலியேம்மா."

அவர் செங்கலை நகர்த்திக் குனிந்தார். காம்புக்குப் பக்கத்துச் சுருள் காய்ந்திருந்தது. மண்ணில் படிந்திருந்த பக்கம் மஞ்சளாக மாறியிருந்தது. சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். சின்ன வயதில் அப்பாவோடு மணலில் நடந்து கேட்ட அதே அமுங்கிய சத்தம். அறுத்தார்.

வேன் பல வாரங்களுக்குப் பிறகு கிளம்பியது. பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் முன்சீட்டில் ஒரே ஒரு தர்பூசணி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு அப்படி வெறிச்சோடி அவர் பார்த்ததில்லை. போலீஸ்காரர் நிறுத்தினார். பழத்தைப் பார்த்தார், நர்ஸ் என்ற சொல்லைக் கேட்டார், போகச் சொல்லிக் கை காட்டினார்.

பழத்தைக் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஜெபக்குமார் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றார். மாடி ஜன்னலில் ரெஜினா தெரிந்தாள். அவ்வளவு தூரத்திலும் அவள் இளைத்திருப்பது தெரிந்தது. யாரோ வெட்டிக் கொடுத்த துண்டு கையில் இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே கடித்தாள்.

"எப்டி கீது?"

அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

"ரெஜி, எப்டி கீது?"

"ஜில்லுன்னு கீதுங்க."

"இனிப்பா கீதா?"

அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தெரிலங்க. காச்சல் வந்ததுலேருந்து வாசனையும் தெரில, ருசியும் தெரில. இனிப்புன்னு சொல்லிடலாம்னுதான் பாத்தேன். நீங்க கீழ நின்னு அண்ணாந்து பாத்துகினு கீறீங்க. வாய் வரல."

ஜெபக்குமார் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "செவப்பா கீதா?"

"செம செவப்பு."

"கொட்டை?"

"கறுப்பு."

"அப்ப இனிப்புதான். நீ துன்னு."

அவள் தின்றாள். நடுவில் யாரிடமோ திரும்பிப் பேசினாள். "பக்கத்து பெட்டுல ஞானம்பாள்னு ஒரு அம்மா. அவங்களுக்கும் குடுத்தேன். வெல்லப்பாகு மாதிரி கீதாம். எந்த ஊர்ப் பழம்னு கேக்குறாங்க."

"நம்ம வூட்டுப் பழம்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது பாலாற்றை நினைத்துக்கொண்டே ஓட்டினார். அப்பா காத்த பழமெல்லாம் யார் யார் வாய்க்கோ போனது. யார் வாய் என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பழம் யார் கையில் இருக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. தனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்ளவில்லையே என்பது வீட்டுக்கு வந்து ஷாரோன் கேட்டபோதுதான் நினைவு வந்தது.

ரெஜினா ஆனியில் வீடு திரும்பினாள். மூச்சு சரியாகிவிட்டது. ருசி மட்டும் வரவில்லை. அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அம்சா வைத்து மதில் வழியாகக் கொடுத்தாள். "காகிதத்த மெல்ற மாதிரி கீது" என்று சொல்லி ரெஜினா பாதியில் கையைக் கழுவினாள். பகலெல்லாம் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். தோட்டமும் அதற்குள் ஓய்ந்துவிட்டது. வெண்டை கட்டையாக நின்றது. வெள்ளரிக் கொடி மஞ்சளாகி, வளைந்து கோணிய கடைசிக் காய்கள் இரண்டு மூன்று மட்டும் தொங்கின.

ஒருநாள் ஜெபக்குமார் வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து ரெஜினா போட்ட கூச்சலில் தலையை இடித்துக்கொண்டு எழுந்து ஓடினார். ஷாரோனும் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள்.

ரெஜினா கையில் பாதி கடித்த வெள்ளரிக்காயோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் கோணியிருந்தது.

"கசக்குதுங்க! கசக்குது!"

"துப்பு, துப்பு மம்மி!"

"இன்னாத்துக்குத் துப்பணும்? கசக்குதுடி! எனக்குத் தெரியுது!"

அவர் வாங்கி ஒரு கடி கடித்தார். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்து ஏறிய கசப்பு, நாக்கிலிருந்து காது வரை ஓடியது. ஷாரோனும் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ரெஜினா அந்தக் காயைக் கண்ணில் தண்ணீர் வழிய முழுவதும் தின்று தீர்த்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது பிறகுதான் தெரிந்தது.

"அடுத்த வருஷம் ரெண்டு பழம் காய்க்க வெப்போம்" என்றாள் ஷாரோன். "ஒண்ணு நமக்கு. ஒண்ணு அந்த ஞானம்பாள் ஆன்ட்டிக்கு."

ரெஜினா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று மாலை மகள் அம்சா வீட்டுக்குப் பால் வாங்கப் போனபோது கணவரிடம் சொன்னாள்: "அந்தம்மா வூட்டுக்குப் போவலீங்க. பழம் துன்னு நாலு நாள்ல. கடைசியா அவங்க நல்லா கீதுன்னு சொன்னது அந்தப் பழத்தத்தான்."

மறு வருஷம் விதை போடும்போது ஷாரோனுக்கும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடை வந்தது. வேன் மறுபடியும் மகாபலிபுரத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் ஓட ஆரம்பித்தது. ஷாரோன் படித்து முடித்து பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டம் நிற்கவில்லை. ஆனால் அந்த வருஷம் போல் ஒருபோதும் வாய்க்கவில்லை. ஒரு வருஷம் பீர்க்கு மட்டும் நன்றாக வந்தது, ஒரு வருஷம் எல்லாவற்றையும் மாவுப்பூச்சி தின்றது. தர்பூசணி இரண்டு முறை காய்த்தது. இனிப்பாகத்தான் இருந்தது. தின்றுவிட்டு மூன்று பேரும் "நல்லா கீது" என்று சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இந்த மே மாதம் ரெஜினா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். மாலையில் பீர்க்கம்பூ மஞ்சளாக விரிகிற நேரம், இரண்டு பேரும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் கோடையில் வந்து நின்றது.

"எனக்கு அந்த வருஷம்னா வார்டுதான் ஞாபகம் வருது" என்றாள் அவள். "அந்தச் சத்தம், அந்த மருந்து நெடி. உங்களுக்கும் பாப்பாவுக்கும்தான் தோட்டம் ஞாபகம் வருது. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கும்போது எனக்குப் பொறாமையா கீதுங்க. நான் அதுல இல்லியே."

ஜெபக்குமார் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் அத்தனை வருஷம் அசைபோட்டுக்கொண்டிருந்த கோடையில் அவள் கேட்டுக்கு வெளியேதான் நின்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"கொத்தவர இப்பவும் போடலாம். அந்த ஓரத்துல எடம் கெடக்குது. வா, நீ போடு. நான் வெட்டித் தர்றேன்."

"நாளைக்கு உங்களுக்கு வண்டி கீதே. விடியகாலைல."

"கீது. அதுக்கென்ன? இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்."

ரெஜினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மதில் மேல் வைத்தாள்.

"இன்னா மம்மி, இந்நேரத்துல?"

"விதை போட்டுகினு கீறேன்டி. எவ்ளோ ஆழத்துல போடணும்?"

"ஒரு வெரக்கடை போதும். டாடி சொல்லலியா?"

"அவரு வெட்டிகினு கீறாரு" என்றாள் ரெஜினா, மண்ணில் விரலை விட்டுக்கொண்டே.